ஏணிக் கணக்கில் மாமாவுக்கு இடமில்லை

1

இந்தக் கதை என் மூளையில் உதித்தது என்று சொல்லிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அக்கா இதைப் படிப்பாள். அதனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு இயற்பியல் புத்தகத்தில் இருந்த ஏணிக் கணக்கை அவள் திரும்பத் திரும்பத் தப்பாகப் போட்டாள். ஒவ்வொரு தடவையும் அதே தப்பு. அந்தத் தப்பு எனக்குப் பிடித்துப்போய்விட்டது, அவ்வளவுதான்.

அக்காவும் அவள் கணவரும் பெயின்ட் அடிக்கிறவர்கள். அவரை நான் மாமா என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். அவர்கள் வீட்டு மாடி அறையில் இருந்துகொண்டு நான் கதை எழுதுகிறேன். பகலில் வீட்டில் இருக்கிற ஆள் சும்மா இருக்கிற ஆள் என்பது எங்கள் குடும்பத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. எனவே அக்கா இயற்பியல் படிக்க உட்கார்ந்தபோது, எதிரில் உட்கார்ந்து விடை சரியா என்று பார்க்கும் உத்தியோகம் கேட்காமலே எனக்கு வந்து சேர்ந்தது.

முதலில் கதையை இப்படித் தொடங்கினேன்:

"சுவரில் சாய்ந்திருந்த அந்த ஏணி, எந்த நொடியிலும் விழுந்துவிடும் போல—"

"ஏணி எங்கடா விழுந்துச்சு?" என்றாள் அக்கா, தோளுக்குப் பின்னால் நின்று.

அடுத்து இப்படி:

"வாழ்க்கையே ஒரு சாய்தளம்தான். அதில் நாம் எல்லோரும்—"

[இதை அவள் பார்ப்பதற்குள் நானே அடித்துவிட்டேன். எனக்கும் கொஞ்சம் மானம் இருக்கிறது.]

2

அவளுடைய புத்தகத்தில் எந்தக் கணக்கும் முதலில் "தரப்பட்டவை" என்றுதான் ஆரம்பிக்கும். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருக்கிறது. கதைக்காரர்கள் வாசகரை நாலு பக்கம் அலையவிட்டுத்தான் ஆளைக் காட்டுவோம். கணக்கு எழுதுகிறவர் எடுத்த எடுப்பிலேயே எல்லாவற்றையும் மேசையில் கொட்டிவிடுகிறார். நானும் கொட்டிவிடுகிறேன்.

கட்டிட வேலை நடக்கும் இடங்களில் சாரம், ஏணி, கயிறு எல்லாவற்றையும் சோதித்து, வேலையைத் தொடங்கலாமா கூடாதா என்று சொல்கிற பாதுகாப்பு மேற்பார்வையாளர் ஒருவர் இருப்பார். அதற்கு ஒரு படிப்பு உண்டு. வகுப்பு மத்தியானத்தில் நடக்கும். நுழைவுத் தேர்வில் விசை, வேகம் என்கிற இயற்பியல் கணக்குகள்தான் பாதிக்கு மேல். அக்கா போன தடவை எழுதி, அதில்தான் கோட்டைவிட்டாள். வயது வரம்பு இந்தத் தடவையோடு முடிகிறது. இனி ஒரு தடவை கிடையாது.

ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டேன். கதைக்கு ஒரு காரணம் வேண்டுமே. யாரோ விழுந்த காட்சி, மனசில் ஆறாத காயம், இப்படி ஏதாவது கிடைக்கும் என்று பேனாவைத் தயாராக வைத்திருந்தேன்.

"சாரத்த மேலயும் கீழயும் பாத்துட்டு, 'இது நிக்காது, மறுபடி கட்டுங்க'ன்னு சொல்றேன்ல? 'நீ யாரும்மா?'ன்னு கேக்கிறாங்க. பெயின்டர்னு சொன்னா, 'அப்ப பெயின்ட் அடி'ங்கிறாங்க. அந்த 'யாரு'க்கு ஒரு பதில் வேணும்டா."

காயம் இல்லை. கோபம்தான் இருந்தது. காயத்தைவிட அது நல்ல சரக்கு.

மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு இரண்டாவது படிக்கு மேல் ஏறினால் தலை சுற்றும். பெயின்டருக்கு இது மீனவருக்குத் தண்ணீர் ஆகாத மாதிரி. அதனால் அவர்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள்: சுவரின் மேல் பாதி அக்காவுக்கு, கீழ் பாதி மாமாவுக்கு. அவள் ஏணியில் இருக்கும் நேரமெல்லாம் அவர் அடியில் நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

"நான் பாஸ் பண்ணிட்டா மத்தியானத்துல மேல் பாதிக்கு யாருங்க?" என்று அக்கா ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள்.

"யாரு? நான்தான்," என்றார் மாமா. சொல்லிவிட்டு மூலையில் சாத்தியிருந்த ஏணியை ஒரு பார்வை பார்த்தார். அதற்கப்புறம் அவர் சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை.

3

போன தடவை ஏன் தோற்றாள் என்று அவளே கண்டுபிடித்தாள்.

"எல்லாக் கணக்கையும் நாலு தரம் படிச்சேன்டா. படிக்கிறப்ப ஒவ்வொரு வரியும் 'ஆமா, ஆமா'ன்னு இருந்துச்சு. ஹால்ல வெள்ளப் பேப்பர்ல கை ஓடல. நான் கணக்குப் போடல, கணக்குக்குத் தலையாட்டியிருக்கேன்."

[இந்த இடத்தில் வாசகரைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இதுவரை நீங்கள் தலையாட்டிக்கொண்டுதானே வருகிறீர்கள்?]

அதனால் இந்தத் தடவை அவள் ஒரு ஷேடு கார்டை எடுத்துக்கொண்டாள். பெயின்ட் கடையில் நிறம் பார்க்கக் கொடுப்பார்களே, நீளமான கெட்டி அட்டை, அதுதான். அவள் எடுத்தது வெள்ளைகளின் அட்டை. பால் வெள்ளை, மேக வெள்ளை, முட்டை ஓட்டு வெள்ளை என்று எல்லாம் ஒரே வெள்ளையாகத் தெரிகிற அட்டை. எடுத்துக்காட்டுக் கணக்கின் கேள்வியை மட்டும் விட்டுவிட்டுத் தீர்வு முழுவதையும் அதால் மூடிவிடுவாள். முதல் வரியைத் தானே எழுதுவாள். பிறகு அட்டையை ஒரு வரி கீழே தள்ளிப் பார்ப்பாள். சரியாக இருந்தால் அடுத்த வரி. தப்பாக இருந்தால் ஏன் தப்பு என்று ஓரத்தில் எழுதிவிட்டு, மறுநாள் அதே கணக்கை முதலிலிருந்து போடுவாள். மறுநாள் என்னும்போது அவள் முகத்தில் துளி சலிப்பு இருக்காது. எமரித் தாளை வைத்துச் சுவரைத் தேய்க்கிற பொறுமைதான். தேய்க்காத சுவரில் அடித்தால் உரிந்து வரும் என்று அவளுக்குத் தெரியும்.*

இப்படி வண்டி பிரேக் போட்டது, பந்து மேலே போய் வந்தது, லிஃப்டில் ஆள் எடை கூடிக் குறைந்தது, எல்லாம் அவளுக்கு வசப்பட்டன. அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது. நானும் எதிரில் உட்கார்ந்து, ஏதோ நானே சொல்லிக்கொடுத்த மாதிரி மிதப்பில் இருந்தேன்.

அப்போதுதான் ஏணி வந்தது.

* இந்த முறையை நான் கதையில் செய்து பார்த்தேன். பழைய கதை ஒன்றை அட்டையால் மூடி, அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று யோசித்தேன். என்னுடைய கதைதான். ஒரு வரிகூடப் பொருந்தவில்லை. நான் யோசித்த வரிகள் நன்றாக இருந்தன என்பதுதான் வேதனை.

4

கணக்கு இதுதான். பயப்படாதீர்கள், நானே புரிந்துகொண்டேன்.

ஐந்து மீட்டர் நீள ஏணி, வழவழப்பான சுவரில் சாய்ந்திருக்கிறது. அதன் அடி சுவரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி, சொரசொரப்பான தரையில் இருக்கிறது. ஏணியின் எடை 200 நியூட்டன். அதன் நடுவில் 600 நியூட்டன் எடையுள்ள ஒருவர் நிற்கிறார். ஏணி வழுக்காமல் இருக்கத் தரை தரும் உராய்வு விசை எவ்வளவு?

அக்கா படித்ததும் முதலில் சண்டைக்குப் போனாள்.

"மூணு மீட்டர் தள்ளியா வெப்பான்? ஏணி வெக்கத் தெரியாதவன்லாம் கணக்கு எழுத வந்துட்டான். நாலடி உசந்தா ஓரடிதான் தள்ளணும்."

"அக்கா, கணக்கு—"

"வழவழப்பான சுவராம். எத்தன கோட்டு பட்டி பூசித் தேச்சா உராய்வே இல்லாத சுவர் வரும்? எனக்கும் சொல்லச் சொல்லு."

பிறகு படம் வரைந்தாள். ஏணியின் எடை கீழ்நோக்கி ஒரு அம்பு. ஆளின் எடை கீழ்நோக்கி ஒரு அம்பு. தரை மேலே தள்ளுவது ஒன்று. சுவர் பக்கவாட்டில் தள்ளுவது ஒன்று. அடியில் உராய்வு ஒன்று. எல்லாம் சரி. அதற்கப்புறம், யோசிக்கக்கூட இல்லாமல், ஏணியின் அடியில் ஒரு சின்ன ஆளை வரைந்து, அவன் கையிலிருந்து இன்னொரு அம்பு போட்டாள். அந்த ஆளுக்குச் சின்னத் தொப்பை இருந்தது.

"இது யாரு?"

"ஏணியப் பிடிச்சிருக்கிறவரு."

"கணக்குல அப்படி யாரும் இல்லையே."

"இல்லன்னும் சொல்லலையே! மேல ஒரு ஆள் நிக்கிறான்னா கீழ பிடிக்காமலா நிப்பான்?"

அங்கேதான் கணக்கு மாட்டிக்கொண்டது. சுவர் தள்ளுவது 300 நியூட்டன் என்று அழகாகக் கண்டுபிடித்துவிட்டாள். அடியில் அதை எதிர்த்து நிற்க உராய்வும் ஆளும் சேர்ந்து 300 தர வேண்டும். சேர்ந்து. உராய்வு எவ்வளவு, ஆள் எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. தெரியாதவை நாலு, சமன்பாடுகள் மூன்று. அட்டையைத் தள்ளினால் புத்தகம் "உராய்வு விசை = 300 நியூட்டன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போயிருக்கும்.

"தொப்பையை அழிச்சிடு. வந்துடும்," என்றேன்.

அழித்தாள். மறுநாள் அதே கணக்கு. மறுபடியும் தொப்பை. அதற்கு மறுநாள் சாய்தளத்தில் ஒரு பெட்டி வழுக்கும் கணக்கு வந்தது. அந்தப் பெட்டிக்குப் பின்னாலும் கை வைத்தபடி தொப்பைக்காரர் நின்றிருந்தார்.

"மாமா, உங்களால அக்காவுக்கு மார்க் போகுது," என்று மாமாவிடம் சொன்னேன்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். முதலில் தொப்பையைப் பற்றிப் புகார் சொன்னார். அப்புறம்தான் உண்மையான புகார் வந்தது.

"என்னைய அழிச்சுட்டா ஏணிய யாரு பாத்துக்கிறது?"

"உராய்வு பாத்துக்கும்."

"யாரு மாப்ள அது உராய்வு? நேத்து வந்தவன்!"

5

இங்கே எனக்கு மாமாவின் மேல் சந்தேகம் வந்தது. அதாவது அவருடைய பாத்திரத்தின் மேல். மனுஷன் ரொம்ப நல்லவராக இருக்கிறார். கதைக்கு ஒரு எதிர்விசை வேண்டாமா? மனைவி படித்து மேலே போனால் பொறுக்காத ஒருவராக அவரை மாற்றினால் என்ன? உடனே எழுதினேன்:

"அவர் புத்தகத்தை எடுத்துப் பழைய பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். அவர் உதட்டில் ஒரு—"

அக்கா அந்தப் பக்கத்தைப் படித்தாள். சிரித்தாள். பிறகு கோபப்பட்டாள்.

"இவரு ஏன்டா புத்தகத்த ஒளிக்கிறாரு?"

"கதைக்கு எதிர்விசை வேணும்க்கா."

"எதிர்விசைன்னா எதிரியா? இப்ப நீ நாற்காலில உக்காந்திருக்க. நாற்காலி உன்ன மேல தள்ளிக்கிட்டேதான் இருக்கு. அது உனக்கு எதிரியா? அது தள்ளலன்னா நீ தரையில கிடப்ப."

ஆடிப்போனேன். கதை எழுதும் கலையைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன், யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். மாமா நல்லவராகவே இருக்கட்டும். நல்லவர்களுக்கும் பயம் வரும். இரவுச் சாப்பாடு முடிந்து அவர் ஏணியின் முதல் படியில் ஏறி நின்று, சுவரைப் பார்த்துவிட்டு, யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து இறங்கிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

6

தேர்வுக்கு முந்தைய வாரம் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பறையில் வேலை. அறை காலியாக இருந்தது. நாற்காலிகள் மேல் பிளாஸ்டிக் விரித்திருந்தார்கள். நான் அதில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு—

[திருத்தம். நான் அங்கே இல்லை. "நீ அங்க வரவே இல்லையேடா" என்று அக்கா ஓரத்தில் எழுதியிருக்கிறாள். பதிப்பகத்துக்குப் போயிருந்தேன். இரண்டு பேரும் தனித்தனியாகச் சொன்னதைத் தைத்துத்தான் இதை எழுதுகிறேன். நான் அங்கே இல்லாததுதான் இந்தக் கதைக்கு நான் செய்த ஒரே உதவி என்பது கொஞ்ச நேரத்தில் உங்களுக்குப் புரியும்.]

அக்கா ஏணியின் மேலே, கூரையும் சுவரும் சேரும் விளிம்பில் பிரஷ் ஓட்டிக்கொண்டிருந்தாள். கையில் வேலை ஓடும்போது மனசில் கணக்கு ஓட்டுவது அவள் பழக்கம். வழக்கமாக நான் போனில் வாசித்துச் சொல்வேன். அன்று நான் எடுக்கவில்லை.

"நீங்க படிங்க," என்றாள் மாமாவிடம். "அந்த ஏணிக் கணக்கு. அட்டைய வெச்சு மூடிக்கங்க. நான் ஒரு வரி சொன்னப்புறம் ஒரு வரி தள்ளிப் பாத்துச் சொல்லுங்க."

மாமா பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். அவர் வாசிப்பு செய்தி வாசிப்பது போல இருக்குமாம். "ஐந்து மீட்டர் நீளமுள்ள ஏணியொன்று!" என்று அறை அதிர ஆரம்பித்தார். அக்கா மேலிருந்து ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். மாமா அட்டையைத் தள்ளினார். "சரி!" என்றார். அடுத்த வரி. "சரி!" சுவர் தள்ளுவது 300. "ஆகா, சரி!"

"இப்ப அடியில உராய்வும் நீங்களும் சேந்து..." என்று சொல்லிக்கொண்டே அக்கா கீழே பார்த்தாள்.

மாமாவின் இடது கையில் புத்தகம் விரிந்திருந்தது. வலது கையில் ஷேடு கார்டு. அவர் ஏணியிலிருந்து நாலு எட்டு தள்ளி, ஜன்னல் வெளிச்சத்தில் நின்றிருந்தார்.

"ஏங்க," என்றாள் அக்கா, ரொம்ப மெதுவாக. "ஏணிய யாரு பிடிச்சிருக்கா?"

மாமா ஏணியைப் பார்த்தார். தன் இரண்டு கைகளையும் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை என்பது அக்காவின் வாக்குமூலம். அக்காதான் அலறினாள் என்பது மாமாவுடையது.

ஏணி நின்றுகொண்டிருந்தது. இத்தனை நேரமும் நின்றிருக்கிறது. அதன் ரப்பர் கால்கள் தரையைக் கவ்வியிருந்தன, வேறு யாரையும் அவை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

அக்கா ஒவ்வொரு படியாக இறங்கினாள். மாமா ஓடிவந்து, அவள் கடைசிப் படியில் இருக்கும்போது ஏணியைப் பிடித்தார். அவள் கீழே விரித்திருந்த செய்தித்தாளின் ஓரத்தில் ஏணியை வரைந்தாள். அம்புகளைப் போட்டாள். அடியில் உராய்வு. பென்சில் அதற்குப் பக்கத்தில் ஒரு கணம் தயங்கி நின்றது. பிறகு நகர்ந்துவிட்டது. தெரியாதவை மூன்று, சமன்பாடுகள் மூன்று. 300 என்று எழுதிச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

மாமா படத்தைப் பார்த்தார். தொப்பைக்காரர் இல்லை.

"அப்ப இத்தன வருஷமும் நான் சும்மாவா நின்னேன்?"

இதை மாமா என்னிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் அவருக்கு வலித்திருக்கிறது, அதை நான் மறைக்கப் போவதில்லை.

இந்த இடத்தில் அக்கா, "நீங்கள் நின்றதால்தான் நான் கீழே பார்க்காமல் வேலை செய்தேன்" என்று கண்கலங்கச் சொன்னதாக ஒரு வரி எழுதினேன். வரி நன்றாகவே வந்திருந்தது. அவள் அப்படிச் சொல்லவில்லை. அவள் சொன்னது இது:

"சும்மாவா நின்னீங்க? பேசிக்கிட்டேல்ல நின்னீங்க!"

அப்புறம், புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு:

"கணக்குலதான் நீங்க வேண்டாம். கணக்கு எழுதினவன் தரையில யாரும் பெயின்ட் சிந்த மாட்டாங்க. நம்ம தரை அப்படியா? இன்னொரு தரம் கைய எடுத்தீங்க, கொன்னுடுவேன்."

பாதுகாப்பு மேற்பார்வையாளராக அவள் பேசிய முதல் வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

7

இனி முடிவு. மூன்று முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

முதல் முடிவு: தேர்வில் அதே ஏணிக் கணக்கு வருகிறது. அக்கா வினாத்தாளைப் பார்த்துப் புன்னகைக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே மாமா—

"ஏணி வரலடா. கப்பி வந்துச்சு, லிஃப்ட் வந்துச்சு, சாய்தளத்துல பெட்டி வந்துச்சு," என்றாள் அக்கா. வாழ்க்கைக்குக் கதை சொல்லத் தெரியாது என்பது என் நெடுநாள் குறை.

"பெட்டிக்குப் பின்னாடி யாரையாவது வரைஞ்சியா?"

"கை போச்சு. இழுத்துப் பிடிச்சேன்."

இரண்டாம் முடிவு: அக்கா தோற்கிறாள். ஆனாலும் இருவரும் சேர்ந்து சந்தோஷமாகப் பெயின்ட் அடிக்கிறார்கள். அன்பே பெரிது.

இதைப் படித்துவிட்டு அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு டப்பா பிரைமர் பெயின்ட் காய்ந்திருக்கும். "தோத்தா தோத்ததுதான். அதுக்கு ஏன் மேல பூச்சு பூசுற?"

மூன்றாம் முடிவு: உண்மையில் நடந்தது. தேர்வு முடிவு வந்த அன்று நான் வீட்டில்தான் இருந்தேன். எனக்குத் தெரியும். எழுதியும் வைத்துவிட்டேன்:

"அக்கா போனைப் பார்த்தாள். பிறகு மாமாவிடம்—"

"இத எடுத்துடு," என்றாள் அக்கா. "நீயே போட்டுக் காட்டினா படிக்கிறவங்க தலையாட்டிட்டுப் போயிடுவாங்க. கடைசி வரிய அவங்க போடட்டும். தரப்பட்டவைய மட்டும் ஒழுங்காக் குடு."

8

எனவே, தரப்பட்டவை.

ஒரு மத்தியானம் அவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கப் போனேன். ஒரு புதுவீட்டுக் கூடம். சுவரின் கீழ் பாதி அடித்து முடித்திருந்தது. ஏணி, நாலுக்கு ஒன்று என்ற சரியான சாய்வில் நின்றது. அதன் ஆறாவது படியில், ஏணியைத் தன்னோடு தைத்துக்கொண்டவர் போல ஒட்டிக்கொண்டு மாமா நின்றிருந்தார். ஒரு கையில் பிரஷ். கண்கள் சுவரை விட்டு அசையவில்லை. அவர் அடித்த விளிம்பு அலை அலையாகப் போயிருந்தது. ஆனால் அது மேல் பாதியில் இருந்தது.

கீழே அக்கா நின்றாள். வேலைச் சட்டை போட்டிருக்கவில்லை. வெளியே கிளம்புகிற உடை. தோளில் ஒரு பை, அதிலிருந்து வெள்ளைகளின் ஷேடு கார்டு எட்டிப்பார்த்தது. வகுப்புக்கு நேரமாகிவிட்டதா என்று நீங்கள் கேட்டால், உங்களுக்கு விடை வந்துவிட்டது. கையைக் கொடுங்கள்.

ஆனால் கேள்வி அது மட்டும் இல்லை. வாசலில் நான் நின்றபோது மேலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"கீழ இருக்கியா?"

"உராய்வு இருக்குங்க."

"உராய்வு இருக்கட்டும். நீ இருக்கியா?"

அவர் கீழே பார்க்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். தரை சுத்தமாக, காய்ந்து இருந்தது. ரப்பர் கால்கள் புதிது. முன்னூறோ நானூறோ, தேவையானதைத் தரை கொடுக்கும். அவளுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

அவள் கைகள் எங்கே இருந்தன என்று நான் பார்த்தேன். அவள் என்ன பதில் சொன்னாள் என்றும் கேட்டேன். அடுத்த வரியில் இரண்டையும் எழுதி, மேலே ஷேடு கார்டை வைத்து மூடியிருக்கிறேன். முதலில் நீங்கள் ஏணியை வரையுங்கள். சுவர், தரை, இரண்டு எடைகள், உராய்வு. பென்சில் ஏணியின் அடியில் கொஞ்சம் தயங்கினால், தயங்கட்டும்.

வரைந்து முடித்த பிறகு அட்டையைத் தள்ளுங்கள்.